ஏகமனதாகத் தேர்வான அணுப் புத்தகம்

கடையில் தேங்காய் வாங்குகிறவர்கள் காயைக் காதருகே பிடித்துச் சுண்டிப் பார்ப்பார்கள். எங்கள் தாளாளர் அந்தப் புத்தகத்தை அப்படித்தான் பார்த்தார். இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலக்கை விரலால் அட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நீல அட்டை. செங்கல் கனம். அணுப் பொறியியல் படிக்க வருகிறவர்களுக்கு உலகமெங்கும் முதல் பாடப்புத்தகமாக வைக்கிறார்கள் என்று யாரோ சொல்லி வரவழைத்தது.

“நல்ல கனமா இருக்கே. இத எத்தன வருசத்துல முடிப்பாக?” என்றார்.

“ஒரே செமஸ்டர்ங்கய்யா,” என்றேன் நான்.

அவர் புத்தகத்தை மேசையில் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆயிரம் பேர் வருகிற கல்யாணத்துக்கு ஒரு மூட்டை அரிசி போதும் என்று சொன்ன சமையல்காரரைப் பார்க்கிற பார்வை அது.

கூட்ட அறையில் புதுப் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. ஏசிக் குளிரில் தட்டில் இருந்த மிக்சர் நமுத்துப் போயிருந்தது. சுற்றிலும் துறைத் தலைவர்கள். எல்லோர் முன்னாலும் ஆளுக்கொரு பேனா, மூடி கழற்றிய நிலையில். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான் அது தேவைப்படும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இந்தத் தொடரைப் படிக்கும் என் பழைய மாணவர்கள் சிலர், “அந்தப் புத்தக விழாவ எப்ப மேடம் எழுதப் போறீங்க?” என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதோ எழுதிவிட்டேன்.

எங்களுக்கு எதற்கு அணு?

திருவாதவூர் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பொறியியல் கல்லூரி. அப்போது நான் அங்கே மெக்கானிக்கல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்த வருடம் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் செயற்கை நுண்ணறிவுப் படிப்பைத் தொடங்கினார்கள். தொடக்க விழாவில் ஒரு ரோபோ வாசலில் நின்று எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்னது. அழைப்பின் பேரில் போயிருந்த எங்கள் தாளாளருக்கும் சொன்னது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

“ரோபோவுக்கு மேல என்னய்யா இருக்கு?” என்று மறுநாள் எல்லாத் துறைத் தலைவர்களையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

யாரோ ஒருவர், அவர் யாரென்று இன்றுவரை ஒத்துக்கொள்ள ஆள் இல்லை, “அணு” என்று சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் அணுப் பொறியியல் எங்கள் கல்லூரிக்கு வந்தது. முழுப் படிப்பு இல்லை, மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஒரு விருப்பப் பாடம். நான் முதுகலையில் இதே பாடத்தை ஒரு தாளாகப் படித்திருந்தேன் என்பது என் விண்ணப்பத்தில் இருந்தது. அதை அலுவலகத்தில் யாரோ கவனித்துவிட்டார்கள். கால அட்டவணையில் என் பெயர் ஏறியது.

தாளாளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பு, அப்புறம் கல்யாண மண்டபம், அப்புறம் பெட்ரோல் பங்க், அப்புறம் கல்லூரி என்று படிப்படியாக வந்தவர். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒவ்வொருவரின் பிள்ளையும் என்ன படிக்கிறது என்று அவருக்குத் தெரியும். மண்டபத்தை எப்படி நடத்தினாரோ அப்படியே கல்லூரியையும் நடத்தினார். வந்தவர்கள் வயிறு வாடாமல் போக வேண்டும், வாசலில் பெரிய பேனர் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் கல்யாணம் சரியாக நடந்த மாதிரிதான்.

மூன்றில் ஒன்று

பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் மேசையில் மூன்று புத்தகங்கள் இருந்தன.

ஒன்று, மேலே சொன்ன நீலப் புத்தகம். இரண்டாவது, வடக்கே எங்கேயோ அச்சடித்த கேள்வி பதில் கைடு. அதன் அட்டையில் அணுகுண்டு வெடித்துக் காளான் மாதிரிப் புகை கிளம்புகிற படம். “இது குண்டுங்கய்யா, நம்ம சொல்லிக்குடுக்கப் போறது கரெண்டு எடுக்கிறது,” என்று இயற்பியல் துறைத் தலைவர் விளக்கினார். “படம் நல்லா எடுப்பா இருக்கு,” என்றார் தாளாளர்.

மூன்றாவது, எங்கள் பிரின்சிபால் பரமசிவம் சார் எழுதியது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அதே விஷயம் தமிழில். சொந்தச் செலவில் கொஞ்சம் பிரதிகள் அச்சடித்து வைத்திருந்தார். தன் புத்தகமும் போட்டியில் இருப்பதால் தான் உள்ளே இருப்பது முறையில்லை என்று எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி இருந்தார்.

உள்ளே விவாதம் நடந்தது. நீலப் புத்தகத்தில் எழுத்து பொடியாக இருக்கிறது என்றார் ஒருவர். எழுதியவரின் படம் எங்கேயும் இல்லையே என்றார் இன்னொருவர். படம் போடாதவரை எப்படி நம்புவது என்பது அவர் கவலை.

“நம்ம பிரின்சிபாலே எழுதி வச்சிருக்காரு. பெறகு எதுக்கு வெளிய தேடிப் போகணும்?” என்றார் தாளாளர்.

அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. பேனாக்கள் குனிந்தன.

நான் கமிட்டி உறுப்பினர் இல்லை. பாடம் நடத்தப் போகிறவள் மட்டும்தான். அதனால் எனக்கு ஓட்டு கிடையாது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“எல்லாரும் ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாமாங்கய்யா?”

தாளாளர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

“படிக்கிறதுக்குத்தான் பிள்ளைக இருக்காகளேம்மா. நம்ம தேர்ந்தெடுத்தாப் போதும்.”

வராந்தாவில் நின்றவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள். பரமசிவம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாரும் படிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். “ரொம்ப எளிமையா இருக்கு சார்,” என்றார் நீலப் புத்தகத்தில் படம் தேடியவர்.

மனப்பாடம்

அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

பரமசிவம் சாருடைய அப்பாவும் அம்மாவும் திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவர். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். பள்ளி முழுக்கத் தமிழில் படித்தவர் கையில் முதல் நாளே ஒரு ஆங்கில இயற்பியல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

“ஒரு வரி புரியலங்க மேடம்,” என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். “என்ன செய்யிறது? மொதப் பாடத்த அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். பரீச்சையில ஒரு எழுத்து விடாம எழுதுனேன். நடுவுல, ‘இதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்க’ன்னு இங்கிலீசுல ஒரு வரி வரும். அதையும் சேத்து எழுதிட்டேன்.”

“படம் வரைஞ்சீங்களா சார்?”

“படம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுல்ல? ஆனா மார்க்கு போட்டாக!”

சொல்லிவிட்டுப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதனால்தான் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு மொழி. ஒவ்வொரு நாளும் கல்லூரி விட்டபின் இரண்டே விரலால் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி அவரே அடித்த புத்தகம். ஒரு அணு பிளந்தால் அது அடுத்தடுத்த அணுக்களை எப்படிப் பிளக்க வைக்கும் என்பதை, கல்யாண வீட்டில் ஒரு வம்பு பரவுகிற கதையாக எழுதியிருப்பார். படித்தால் மறக்காது.

எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. சிக்கலே அதுதான்.

ஜெயக்கொடி அக்கா வீட்டு மாடி

கோடை விடுமுறையில் மூன்று புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு பசுமலைக்குப் போனேன். அங்கே எங்கள் கல்லூரிக் கணிதத் துறை ஜெயக்கொடி அக்கா வீடு. எனக்குக் கணக்கு துருப்பிடித்துப் போயிருந்தது. நீலப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கணக்கு.

“கணக்க நான் சொல்லித் தாரேன். அணு என்னான்னு நீ எனக்குச் சொல்லு. எனக்கும் பொழுது போகணும்ல,” என்றார் அக்கா.

மாடி அறையில் உட்கார்ந்தோம். மின்விசிறி அனலை அள்ளி அள்ளி எங்கள் மேலேயே வீசியது. அக்கா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வகைக்கெழு சொல்லிக் கொடுத்தார். மூன்று புத்தகங்களையும் ஒரே நேரத்தில் விரித்து வைத்து, ஒரே பாடத்தை மூன்றிலும் படிப்பது என்று முடிவு.

மூன்றாவது பாடத்தில் வண்டி நின்றது.

அணு உலைக்குள் தணிப்பான் என்று ஒரு பொருள் இருக்கும். ஆங்கிலத்தில் மாடரேட்டர் என்பார்கள். பல உலைகளில் தண்ணீரேதான் அந்த வேலையைச் செய்கிறது. பரமசிவம் சார் எழுதியிருந்தார்: “தணிப்பான், பெயருக்கேற்ப உலையின் சீற்றத்தைத் தணிக்கிறது. உலை கட்டுமீறினால் தணிப்பானை அதிகப்படுத்த வேண்டும்.” பட்டிமன்றத்தில் இரு தரப்பும் எகிறும்போது நடுவர் மணியடித்து அடக்குகிற மாதிரி என்று உதாரணமும் கொடுத்திருந்தார்.

நீலப் புத்தகம் நேர் எதிராகச் சொன்னது.

எங்களுக்கு முதலில் நீலப் புத்தகத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. உண்மையாகவே. பரமசிவம் சார் எழுதியது புரிந்தது, அது புரியவில்லை. புரிகிற புத்தகம் எப்படித் தப்பாக இருக்கும்? சரி என்று கைடை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு கேள்விக்கான விடை சார் பக்கம் நின்றது. நாலு பக்கம் தள்ளி இன்னொரு விடை நீலப் புத்தகத்தின் பக்கம் நின்றது. யாரையும் பகைத்துக்கொள்ளாத கைடு.

அக்கா பென்சிலை எடுத்தார். நுங்கு வாங்கி வைத்திருந்தது கிண்ணத்திலேயே சூடேறிப் போனது. கணக்கைப் போட்டுப் பார்த்தார், அடித்தார், மறுபடி போட்டார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

“செல்வி, டவுன் பஸ்ஸு நேர் ரோட்டுல பறந்துக்கிட்டு வந்தா எவனாச்சும் ஏற முடியுமா?”

“முடியாதுக்கா.”

“வளைவுல மெதுவாகும்போதுதான ஓடிப் போயி ஏறுறாக? இங்கயும் அதேதான். நியூட்ரான் வேகமா வந்தா யுரேனியத்துக்கிட்ட அனேகமா சிக்காது. தணிப்பான் அந்த நியூட்ரானோட வேகத்தத்தான் கொறைக்குது. மெதுவா வந்தா சிக்கும். சிக்குனா அணு பிளக்கும். அப்ப தணிப்பான் இருக்கிறதுனாலதான் உலையே ஓடுது. அவரு சொல்றாப்ல அடங்கல.”

“அப்ப உலைய அடக்குறது எது?”

“அதுக்குத்தான் தனியாக் கட்டுப்பாட்டுத் தண்டுன்னு இருக்குல்ல. நியூட்ரான முழுங்குறது.”

பரமசிவம் சார் பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். தணிப்பான் என்றால் தணிக்க வேண்டும்தானே. தணிப்பது எதை என்பதில்தான் சறுக்கல். அடுப்பு பற்றி எரியும்போது இன்னும் ரெண்டு விறகைத் தள்ளச் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பிள்ளைகளில் சிலருக்காவது தெற்கே கடலோரத்து அணுமின் நிலையத்தில் பயிற்சிக்குப் போக ஆசை இருந்தது. நேர்முகத் தேர்வில் முதலில் கேட்கிற கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். நம் பிள்ளை எழுந்து நின்று பட்டிமன்ற நடுவர் உதாரணம் சொல்வதை நினைத்தேன். நுங்குக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

அச்சுப் பிழை

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? என் அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் கேட்காமலேயே விடுப்பு கொடுத்தவர். நான் ஒத்திகை பார்த்தேன். அக்கா பிரின்சிபாலாக நடித்தார், கூடுதலாகவே கோபப்பட்டார். கடைசியில் ‘அச்சுப் பிழை’ என்று தொடங்குவது என்று முடிவானது.

விடுமுறை முடிந்த வாரம் இரண்டு பேரும் அவர் அறைக்குப் போனோம். அப்போதுதான் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தார்.

“சார், மூணாவது பாடத்துல ஒரு சின்ன அச்சுப் பிழை மாதிரி…”

அவர் ஆவலாகப் புத்தகத்தைப் பிரித்தார். நான் காட்டிய இடத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

“இதுல எழுத்துப் பிழை ஒண்ணும் தெரியலியே மேடம்?”

“எழுத்து இல்ல சார். பத்தி.”

“பத்தி முழுசுமா அச்சுப் பிழை?”

ஜெயக்கொடி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் இருந்த தாளை இழுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினார். டவுன் பஸ்ஸையும் சொன்னார். பரமசிவம் சார் கணக்கை விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசி வரியில் விரல் நின்றது.

“நெசம்தான்,” என்றார்.

புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க ரெண்டு பேருக்குத்தான் சார்.”

“கமிட்டில அம்புட்டுப் பேரும் படிச்சுட்டுத்தான கையெழுத்துப் போட்டாக? ஒருத்தர் கண்ணுலகூடவா படல?”

ஜெயக்கொடி அக்கா கணக்குத் தாளை நாலாக மடித்தார். அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

“ஓ,” என்றார்.

தப்பைக் காட்டியபோது மாறாத முகம் அந்த ‘ஓ’வில் மாறியது. ஒரு புத்தகத்தில் தப்பு இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. யாருமே படிக்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியாது.

“சொல்றதுக்கு நீங்க யாரு சார்?”

அன்று மாலையே அவர் தாளாளரைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

“அய்யா, என் புத்தகம் வேணாம். நீலப் புத்தகத்தையே வச்சுக்கிருவோம். என்னுதுல தப்பு இருக்கு.”

தாளாளர் செல்போனைக் கீழே வைத்தார். “தப்புன்னு யாரு சொன்னா?”

“நானே சொல்றேங்கய்யா.”

“கமிட்டி ஏகமனதா சரின்னு சொல்லிருக்கு. தப்புன்னு சொல்றதுக்கு நீங்க யாரு சார்?”

“நான் எழுதுனவன்யா.”

“எழுதுனவரு நீங்க. ஒத்துக்கிடுறேன். ஆனா தேர்ந்தெடுத்தது கமிட்டில்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று பொறியியலில் எங்கேயும் சொல்லித் தரவில்லை.

தாளாளர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வாசலில் பேனர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் படம் பெரிது, பரமசிவம் சார் படம் சிறிது, நடுவே புத்தகம். பின்னணியில் அந்தக் கைடு அட்டையிலிருந்து எடுத்த காளான் புகை. புகைக்கு மேலே ஒரு வெள்ளைப் புறா.

“வெளியீட்டு விழாவுக்குப் பெரிய அதிகாரியா இருந்து ஓய்வுபெத்தவர அழைச்சாச்சு. இம்புட்டுக்குப் பெறகு வேணாம்னா என்ன அர்த்தம்? ஒரு பத்திதான? அடுத்த பதிப்புல மாத்திக்கலாம் சார்.”

“அதுக்குள்ள பிள்ளைக படிச்சுருவாகளேய்யா.”

“நம்ம பிள்ளைகளா?” என்றார் தாளாளர், உண்மையான சந்தேகத்தோடு.

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் அன்பாகத்தான் இருந்தது. “மேடத்துக்கு வேலை நிரந்தரமாகுற பேச்சு ஓடிக்கிட்டிருக்குல்ல? நீங்களே விழாவ எடுத்து நடத்துங்கம்மா.”

வெளியே வந்ததும் பரமசிவம் சார் பேனரை அண்ணாந்து பார்த்தார். “எம் படத்த எங்க பிடிச்சாக? கழுத்து வரைக்கும்தான் இருக்கு,” என்றார்.

விழா

விழா அமோகமாக நடந்தது. நான் நடத்தியதால் சொல்லவில்லை, சாப்பாடு அப்படி. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்களே வந்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகமும் ஒரு லட்டும் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. லட்டு உடனே தீர்ந்தது.

சிறப்பு விருந்தினர் பழுத்த பேச்சாளர். வருகிற வழியில் காரில் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் விரிந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

“தணிப்பான்!” என்று முழங்கினார். “என்ன அருமையான சொல்! உலையின் சீற்றத்தைத் தணிக்கிறது என்று உங்கள் கல்லூரி முதல்வர் எவ்வளவு எளிமையாக எழுதியிருக்கிறார்! அணு உலைக்கு மட்டுமா? கோபம், பொறாமை, ஆசை என்று கொதித்துக்கொண்டிருக்கும் நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு தணிப்பான் வேண்டாமா?”

வேண்டும் என்று கூட்டம் கைதட்டிச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளினார்.

ஏற்புரைக்குப் பரமசிவம் சாரை அழைத்தேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

“விருந்தினர் அய்யா பாராட்டுன அந்த வரி தப்பு,” என்றார்.

ஒலிபெருக்கி அதைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோனது.

“தணிப்பான் உலைய அடக்காது. நியூட்ரானோட வேகத்தத்தான் தணிக்கும். அதனாலதான் அணு பிளக்குறதே நடக்குது. நான் தலைகீழா எழுதிட்டேன். அத எனக்குச் சுட்டிக் காட்டுனது ரெண்டு மேடம். இந்தப் புத்தகத்த வச்சுப் படிக்கிறவுக மொதல்ல அந்தப் பக்கத்த அடிச்சுத் திருத்திக்கிடணும். எனக்கு இன்னும் படிக்க வேண்டியது நிறைய இருக்கு. மன்னிக்கணும்.”

தாளாளர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். மேடை முழுவதும் எழுந்தது. கூட்டமும் எழுந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

“இம்புட்டுத் தன்னடக்கமான மனுசன நான் பாத்ததே இல்லங்க,” என்று விருந்தினர் தாளாளரிடம் சொன்னது மைக்கில் கேட்டது.

“எங்க கல்லூரியில எல்லாருமே அப்படித்தாங்க,” என்றார் தாளாளர்.

பரமசிவம் சார் மைக் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தார். பொன்னாடைதான் வந்து விழுந்தது.

கூட்டம் கலைந்து பந்திக்கு ஓடியபோது என்னிடம் வந்தார். “நான் தெளிவாத்தான மேடம் சொன்னேன்?”

“ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க சார்.”

“பெறகு எதுக்குக் கைதட்டுனாக?”

எனக்குத் தெரியவில்லை. விழாவைச் சிறப்பாக நடத்தினேன் என்று அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. அதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

மறுநாள் வகுப்பு

மறுநாள் காலை முதல் வகுப்பு. பாடத்தைத் தொடங்கிவைக்கப் பிரின்சிபாலே வந்தார். முகம் சோர்ந்திருந்தது. நான் கரும்பலகை ஓரம் நின்றேன். பிள்ளைகள் மேசைமேல் புத்தகங்கள், பெரும்பாலானவற்றில் லட்டு நெய்க் கறை.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரமிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் பாண்டீஸ்வரி. அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள். என் மற்ற வகுப்புகளில் அவள் வாய் திறந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

“சார், நேத்து மேடையில அந்த வரி தப்புன்னு சொன்னீகள்ல? அது பேச்சுக்குச் சொன்னதா, நெசமாவா?”

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது.

“நெசமாத்தாம்மா சொன்னேன்,” என்றார் சார். “நீயாவது கேட்டியே.”

“எனக்கும் படிக்கும்போது இடிச்சுச்சு சார். முன்பக்கம் தண்ணி இல்லாட்டி உலை ஓடாதுன்னு எழுதிருக்கீக. பின்பக்கம் அதே தண்ணி உலைய அடக்கும்னு எழுதிருக்கீக. ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்னு யோசிச்சேன்.”

பரமசிவம் சார் மெல்ல நடந்து அவள் மேசைக்குப் போனார். அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தார். விழா முடிந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அதற்குள் பக்கங்கள் உப்பியிருந்தன. ஓரமெல்லாம் பென்சில் கேள்விக்குறிகள்.

“முழுசாப் படிச்சுட்டியா?”

“பஸ்ஸுல பாதி, வீட்டுல பாதி சார். இந்தப் பக்கம் இங்கிலீசு புரியாட்டி அந்தப் பக்கம் தமிழ் இருக்குல்ல. அதனால சீக்கிரம் ஓடிருச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“சார்,” என்றாள் பாண்டீஸ்வரி, கொஞ்சம் தயங்கி. “இன்னும் அஞ்சாறு எடத்துல தப்பு இருக்கிற மாதிரி இருக்கு. சொன்னாக் கோவிச்சுக்கிருவீகளா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“சொல்லும்மா,” என்றார். “மெதுவாச் சொல்லு. ஒண்ணையும் விட்டுறாத.”